வெயிலிலும் தவறாத நினைவகம்

(மேசைக் கணினியை வீட்டிலேயே பொருத்த விரும்பும் இளையர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பாசிர் ரிஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசைக் கணினியைச் சொந்தமாகப் பொருத்த நினைப்பவர் முதலில் செயலியைத் தேர்ந்தெடுக்கிறார். அடுத்து, கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறார். ரேம் எனப்படும் நினைவகத்தின் முறை வரும்போது கையில் வெள்ளியும் குறைந்துவிடுகிறது, மனத்தில் பொறுமையும் குறைந்துவிடுகிறது. எந்தப் பெட்டியில் பெரிய எண் இருக்கிறது, எதில் வண்ண விளக்கு அழகாக எரிகிறது என்று பார்த்து வாங்கிவிடுகிறார்.

ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள அந்த நினைவக அட்டை வழியாகத்தான் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், சேமிக்கும் ஒவ்வொரு படமும் போய்வருகின்றன. அது மெதுவாக இருந்தால் சில நொடிகளை இழப்பீர்கள். அது தவறாக நினைவு வைத்துக்கொண்டால், எதை இழந்தீர்கள் என்பதே பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். ஆகவே நினைவகத்தில் முதலில் பார்க்க வேண்டியது நம்பகம். அடுத்தது அளவு. வேகம் இவ்விரண்டுக்கும் பிறகுதான். இன்று நான் சொல்லப்போவதற்கெல்லாம் அடிப்படை இந்த முன்னுரிமைதான்.

நம் தீவும் நினைவகமும்

இந்தப் பேச்சைப் பாசிர் ரிஸில் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. கிழக்கு–மேற்கு ரயில் தடத்தின் கடைசி நிலையம், கடற்கரைப் பூங்கா, சதுப்புநிலக் காடு என்றே இந்த வட்டாரத்தைப் பலரும் அறிவார்கள். இதே வட்டாரத்தில் சிலிக்கான் வட்டுகளில் சில்லு அச்சிடும் ஆலைகளுக்கென்றே ஒரு தொழிற்பூங்கா இருக்கிறது. 1998இல் பிலிப்ஸ் நிறுவனமும் தைவானின் டிஎஸ்எம்சியும் நம் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய எஸ்எஸ்எம்சி ஆலை இங்கேதான் இருக்கிறது. தைவானின் யுஎம்சி நிறுவனத்துடைய 300 மில்லிமீட்டர் வட்டு ஆலையும் இங்கேதான்; அதன் புதிய விரிவாக்கம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பிறர் வடிவமைக்கும் சில்லுகளைச் செய்துகொடுக்கும் ஆலைகள் இவை.

நம் நாட்டில் கணினி நினைவகத்தின் கதை தீவின் வடக்கே, உட்லண்ட்ஸில் தொடங்குகிறது. 1991இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், கேனன், ஹியூலட்-பேக்கார்ட் ஆகியவற்றோடு பொருளியல் வளர்ச்சிக் கழகமும் கைகோத்து டெக் செமிகண்டக்டர் என்ற நிறுவனத்தை உருவாக்கின. டிராம் எனப்படும் கணினி நினைவகச் சில்லுகள் அங்கே தயாராயின. 1998இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் நினைவகத் தொழிலை அமெரிக்காவின் மைக்ரான் வாங்கியபோது, அந்த வழியில் மைக்ரானும் சிங்கப்பூருக்குள் வந்தது. இன்று அதன் சிங்கப்பூர் ஆலைகளில் முக்கியமாக உருவாவது, தகவலை நிரந்தரமாகச் சேமிக்கும் எஸ்எஸ்டிகளில் இருக்கும் நாண்ட் ஃபிளாஷ். 2025 ஜனவரியில், செயற்கை நுண்ணறிவுச் சேவைகளுக்கான அதிவேக நினைவகச் சில்லுகளை அடுக்கிப் பொதிக்கும் புதிய ஆலைக்கு உட்லண்ட்ஸில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு அறிவித்த முதலீடு 700 கோடி அமெரிக்க டாலர். இந்தச் செய்திக்கும் நீங்கள் கடையில் கொடுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சில்லுக்குள் நடப்பது

எந்த நினைவகத்தைத் தேர்ந்தெடுப்பது என்று அறிய, அதற்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. இவ்விரண்டையும் கொண்டு ஒரு பிட்டை நினைவில் வைக்கலாம் என்ற எண்ணம் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டுக்கு 1966இல் தோன்றியது. காப்புரிமை 1968இல் கிடைத்தது. 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லில் இருந்தது ஒரு கிலோபிட், அதாவது 1,024 பிட். இன்று 16 ஜிபி அட்டை ஒன்றில் சுமார் 13,700 கோடி மின்தேக்கிகள் இருக்கின்றன.

அந்த மின்தேக்கி ஒவ்வொன்றும் ஓட்டைக் குடம். ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். முழுதும் வடிந்துபோவதற்குள், இருப்பதைப் படித்துப் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். இந்த மறுநிரப்பலைப் புதுப்பித்தல் என்கிறோம். டிடிஆர்4 நினைவகத்தில் 64 மில்லி வினாடிக்குள் ஒரு சுற்று முடிய வேண்டும். அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5இல் 32 மில்லி வினாடிக்குள். நீங்கள் கண் இமைத்து முடிப்பதற்குள் முழு நினைவகமும் பலமுறை புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது.

இதில் நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெப்பம் ஏற ஏற மின்னூட்டம் வேகமாகக் கசியும். அதனால்தான் சில்லின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று தர விதிமுறை சொல்கிறது. இணையத்தில் நமக்குக் கிடைக்கும் ‘இப்படி வைத்தால் வேகம் கூடும்’ என்ற அளவுகளில் பல, குளிர்நாட்டு அறைகளில் சோதித்துப் பார்த்தவை. சிங்கப்பூரில் 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் 37 டிகிரி பதிவாகியிருக்கிறது. சாதாரண நாளிலேயே பிற்பகலில் 31, 32 டிகிரி. வீவக வீட்டின் மேற்குப் பார்த்த படுக்கையறையில், ஏர்கான் போடாத நேரத்தில், மூடிய பெட்டிக்குள் கிராஃபிக்ஸ் கார்டும் சூடாகிக்கொண்டிருந்தால் நினைவக அட்டை என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். நம் நினைவகத்தை நம் வீட்டு வெயிலில்தான் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

கடையில் தேர்ந்தெடுக்கும்போது வரும் முதல் கேள்வி அளவு. நினைவகம் போதாதபோது கணினி மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதிவைக்கும். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ வினாடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பல பத்து மைக்ரோ வினாடி ஆகும். நூற்றுக்கணக்கான மடங்கு இடைவெளி. ஆகவே போதிய அளவு இல்லாத அதிவேக நினைவகத்தைவிட, போதிய அளவுள்ள சாதாரண நினைவகமே வேகமான கணினியைத் தரும்.

பள்ளிப் பாடம், இணையம், அலுவலக வேலை, காணொளி பார்த்தல் ஆகியவற்றுக்கு 16 ஜிபி போதும். புதிய விளையாட்டுகள், காணொளித் தொகுப்பு, பல மென்பொருள்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் 32 ஜிபி. முப்பரிமாணப் படைப்பு, பெரிய புகைப்படக் கோப்புகள், வீட்டுக் கணினியிலேயே செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இயக்கிப் பார்த்தல் என்றால் 64 ஜிபி. இப்போது உங்களிடம் ஒரு கணினி இருந்தால், வழக்கமான வேலைகளையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைப் பாருங்கள். எவ்வளவு தேவை என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஜோடியாக வாங்குங்கள்

இரண்டாவது கேள்வி, எத்தனை அட்டை. வீட்டு மேசைக் கணினிச் செயலிகளுக்கு நினைவகத்தோடு பேச இரண்டு தடங்கள் உண்டு. ஒரே அட்டையை மாட்டினால் ஒரு தடம் சும்மா கிடக்கும். 6000 என்ற வேக எண் கொண்ட டிடிஆர்5 அட்டை ஒன்று (அந்த எண்ணைப் பிறகு விளக்குகிறேன்) வினாடிக்கு 48 ஜிபி தரவல்லது. இரண்டு மாட்டினால் 96. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் செயலிக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பும் கணினியில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். பட்ஜெட் குறைவான மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: பெரும்பாலும் அவர்கள் கணினிதான் அப்படிப்பட்டது.

ஒன்றைவிட இரண்டு நல்லது என்றால் நான்கு இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். டிடிஆர்5இல் அது பொறி. ரைசன் 9000 வரிசைச் செயலிகளுக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம், இரண்டு அட்டை இருந்தால் 5600. நான்கு அட்டை மாட்டினால் 3600. இரண்டு இடங்களை இப்போது நிரப்பிவிட்டு, பிறகு காசு வந்ததும் மற்ற இரண்டையும் நிரப்பலாம் என்ற பழைய கணக்கு இன்று செல்லாது. வேண்டிய அளவை இரண்டு அட்டைகளிலேயே, ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்குங்கள். ஒரே பெயரும் ஒரே எண்ணும் அச்சிட்ட இரண்டு அட்டைகளைத் தனித்தனியாக வாங்கினால், உள்ளே வெவ்வேறு ஆலையின் சில்லுகள் இருக்கக்கூடும். ஜோடியாக வருபவை சேர்த்துச் சோதிக்கப்பட்டவை.

இன்னொரு நுட்பம். டிடிஆர்5இல் 8 ஜிபி அட்டைகள் பெரும்பாலும் நான்கே சில்லுகளால் ஆனவை. அவற்றின் உள்ளமைப்பில், ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய பகுதிகள் 16 ஜிபி அட்டையில் இருப்பதில் பாதிதான். அதனால் பணம் இடம் கொடுத்தால் 16 ஜிபி இரண்டு என்பதே நல்ல தொடக்கம்.

அட்டையின் தலைமுறையையும் கவனியுங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 ஊசிமுனைகள் இருந்தாலும் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டு டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் இரண்டையும் ஏற்கும். ஆனால் மதர்போர்டு எந்த வகை என்று பார்த்தே வாங்க வேண்டும். செயலிக்கு மேல் பெரிய குளிர்விப்பான் வைப்பவர்கள் அட்டையின் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது?

பெட்டியில் 6000 என்று ஓர் எண், சிஎல் 30 என்று இன்னோர் எண். முதலாவது, வினாடிக்கு எத்தனை மில்லியன் முறை தகவல் பரிமாறப்படுகிறது என்பது. இரண்டாவது, கேட்டதும் கொடுப்பதற்கு எத்தனை கடிகாரத் துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது. துடிப்பின் நீளம் வேகத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுங்கள். கிடைப்பது நானோ வினாடி.

டிடிஆர்4-3200, சிஎல் 16 என்றால் 10 நானோ வினாடி. டிடிஆர்5-6000, சிஎல் 30 என்றாலும் அதே 10. டிடிஆர்5-6000, சிஎல் 36 என்றால் 12. டிடிஆர்5-5600, சிஎல் 46 என்றால் 16-க்கும் மேல். கடைக்காரர் எந்த எண்ணைப் பெரிதாகக் காட்டினாலும் கைப்பேசியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏஎம்5 மதர்போர்டுக்கு டிடிஆர்5-6000, சிஎல் 30 என்பது நல்ல இலக்கு. அந்த வேகம்வரை செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியும் நினைவகமும் ஒரே துடிப்பில் ஓடுவது எளிது. அதற்கு மேல் போகும்போது பல கணினிகளில் கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுத்தும் பலன் கிடைக்காது. ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற செயலிகளுக்குள்ளேயே 96 எம்பி இடைநினைவகம் இருப்பதால், வெளி நினைவகம் சற்று மெதுவாக இருந்தாலும் விளையாட்டில் பெரிதாகத் தெரியாது. அப்படிப்பட்ட செயலியை வாங்கியவர்கள் சிஎல் 36 அட்டையோடு நிம்மதியாக இருக்கலாம்.

விலையும் கடையும்

இப்போது உட்லண்ட்ஸ் செய்திக்கு வருகிறேன். உலகின் டிராம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் மூன்றும் தம் ஆலைகளை அந்தப் பக்கம் திருப்பின. 2025இன் பின்பாதியில் வீட்டுக் கணினி நினைவகத்தின் விலை மளமளவென்று ஏறி, ஆண்டு முடிவில் இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. 1996 முதல் குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றோருக்கு நினைவகம் விற்றுவந்த மைக்ரான், அந்த நுகர்வோர் தொழிலிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

இதைக் கேட்டுப் பதறி, தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்க வேண்டாம். இந்தத் தொழிலில் ஏற்றமும் வீழ்ச்சியும் மாறி மாறி வரும். 1993இல் ஜப்பானில் சில்லுகளைப் பொதியும் பிசின் தயாரித்த ஓர் ஆலை வெடித்ததும் விலை எகிறியது. பிற்பாடு விலை சரிந்த காலங்களில் 2009இல் ஜெர்மனியின் குவிமோண்டாவும் 2012இல் ஜப்பானின் எல்பிடாவும் நொடித்துப்போயின. விலை உயர்ந்திருக்கும் காலத்தில் அறிவுள்ள வழி, தேவையை உண்மையாக அளந்து அந்த அளவுக்கு மட்டும் வாங்குவது. பழைய டிடிஆர்4 கணினி இன்னும் வேலை செய்கிறதென்றால், அதன் நினைவகத்தை மட்டும் கூட்டி இரண்டு ஆண்டு ஓட்டுவதும் நல்ல முடிவுதான்.

வாங்கும் இடம் உங்களுக்குத் தெரியும். பூகிஸில் இறங்கித் தடம் மாறினால் அடுத்த நிலையம் ரோச்சோர்; கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் அதன் அருகில்தான். தேக்காவில் மளிகை வாங்கிய கையோடு அங்கே நடந்தே போய்விடலாம். கடைகள் தரும் விலைப்பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு குறைந்தது மூன்று கடை ஏறி இறங்குங்கள். நீங்கள் எழுதிக்கொண்டு போன மாடல் எண்ணுக்குப் பதிலாக ‘இதுவும் அதே மாதிரிதான்’ என்று வேறொன்றைக் கொடுத்தால், சற்று முன் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நினைவக அட்டைகளுக்குப் பல நிறுவனங்கள் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. அதோடு, 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் லெமன் லா எனப்படும் நுகர்வோர் பாதுகாப்பு விதியின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இந்தப் பாதுகாப்பு கடைக்காரரிடம் வாங்கினால்தான். கெரோசல் இணையச் சந்தையில் ஒரு தனியாளிடம் பழையதை வாங்கும்போது அது கிடைக்காது. அங்கே வாங்குவதென்றால், சோதித்துக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.

இசைவிப்பது எப்படி?

வாங்கியாயிற்று. நான்கு இடங்களுள்ள மதர்போர்டில் ஜோடியை, செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் மாட்டுங்கள். மதர்போர்டின் கையேடு இதை உறுதிப்படுத்தும். கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ஏஎம்5 கணினியை முதல்முறை இயக்கும்போது திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். செயலியும் நினைவகமும் ஒன்றையொன்று அளந்து பழகும் நேரம் அது. பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். காத்திருங்கள்.

அடுத்த வேலை, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தல். அதன்பின் எதையும் மாற்றாமல், நினைவகம் இயல்பாக ஓடும் நிலையிலேயே மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனையை யுஎஸ்பியிலிருந்து ஓடவிடுங்கள். இந்த நிலையிலேயே பிழை காட்டினால் பெரும்பாலும் அட்டைதான் பழுது. முதலில் கழற்றிச் சரியாக மாட்டிப் பாருங்கள்; பிழை தொடர்ந்தால் கடைக்கு எடுத்துச்செல்லுங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வேகத்தைக் கூட்டியவர், பிறகு பிழை வரும்போது அட்டை கெட்டதா, தம் அமைப்பு கெட்டதா என்று தெரியாமல் திண்டாடுவார்.

சோதனை தேறியபின் பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்குங்கள். அட்டையைச் செய்தவரே எழுதிவைத்த வேகமும் மின்னழுத்தமும் அதில் இருக்கின்றன. எக்ஸ்எம்பி இன்டெலுடையது, எக்ஸ்போ 2022இல் ஏஎம்டி கொண்டுவந்தது. இதை இயக்காமல் விட்டுவிடும் வீடுகள் ஏராளம். 6000 என்று பணம் கொடுத்து வாங்கிய அட்டை 4800இலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் வேகம் என்ன காட்டுகிறது என்று இன்றிரவே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இந்த ஒரு மாற்றத்தோடு பெரும்பாலானோர் நின்றுவிடலாம். கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: 6000 என்பது அட்டை செய்தவர் தரும் உறுதி. செயலி செய்தவர் தரும் உறுதி அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டும் உங்கள் கணினியில் ஒத்துப்போகின்றனவா என்பதை நீங்கள்தான் சோதித்து அறிய வேண்டும். மெம்டெஸ்டை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிறகு விண்டோஸுக்குள் ஓசிசிடி, ஒய்-கிரஞ்சர் போன்ற சோதனைகளை ஓட்டுங்கள். கடைசிச் சோதனை நம் ஊருக்கென்றே உள்ளது: பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், ஏர்கானை நிறுத்திவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டுக்கும் முழு வேலை கொடுத்தபடி நினைவகத்தைச் சோதியுங்கள். இரவில் ஏர்கான் அறையில் பிழையின்றித் தேறிய அட்டை, இந்தச் சோதனையில் தவறக்கூடும்.

பிழை வந்தால் வேகத்தை 6000இலிருந்து 5600க்கு இறக்குங்கள். அந்த வேறுபாட்டை உங்கள் கண்ணோ கையோ உணரப்போவதில்லை. மின்னழுத்தத்தை ஏற்றிப் பிழையை அடக்க முயலாதீர்கள். 2023இல் மின்னழுத்தம் மிகுந்ததால் ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப்போன செய்தி உலகெங்கும் பரவியது. அதன்பின் செயலியின் எஸ்ஓசி எனப்படும் பகுதியின் மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற வரம்பை ஏஎம்டி விதித்தது. அந்த வரம்பு உங்கள் பணத்தைக் காக்கும் வரம்பு.

இன்னும் ஆழமாகப் போக விரும்பும் இளையர்கள் சிலர் இங்கே இருப்பீர்கள். உங்கள் ஆர்வத்தை மனமாரப் பாராட்டுகிறேன். நீங்கள் தொடப்போகும் அளவுகளில் மிகுந்த பலன் தருபவை இரண்டு. டிஆர்இஎஃப்ஐ என்பது இரண்டு புதுப்பித்தல்களுக்கு இடையிலான நேரம். டிஆர்எஃப்சி என்பது ஒரு புதுப்பித்தலுக்காக நினைவகம் வேலையை நிறுத்திவைக்கும் நேரம். டிடிஆர்5-6000இல் முதலாவதின் இயல்பு அளவு சுமார் 11,700 துடிப்பு, அதாவது 3.9 மைக்ரோ வினாடி. வேகப் பித்துள்ளவர்கள் இதை 65,535 வரை ஏற்றுவார்கள். ஐந்து மடங்குக்கும் மேல்! குறைவாகப் புதுப்பித்தால் வேலைக்கு நேரம் மிஞ்சும், உண்மைதான். கசியும் மின்தேக்கி அதுவரை தாங்க வேண்டுமே! நம் பிற்பகல் வெப்பத்தில் முதலில் தோற்றுப்போவது இந்த அமைப்புதான். இதை மாற்றுவதென்றால் இடைப்பட்ட ஓர் அளவில் நில்லுங்கள். டிடிஆர்5 அட்டையிலேயே வெப்பமானி இருக்கிறது. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். முழு வேலையின்போது 50 டிகிரிக்குள் வைத்திருக்கப் பாருங்கள். பெட்டியின் முன்பக்கம் காற்று வரும் வழியை மறைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே அளவை மாற்றி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, சோதித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

நம்பகம் ஏன் முதலில்?

ஒரு விளையாட்டு நடுவில் நின்றுபோனால் மறுபடி தொடங்கலாம். நினைவகம் செய்யும் பிழை எல்லா நேரமும் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படங்களைக் கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றுகிறீர்கள். நினைவகத்தைக் கடந்து போகும்போது ஒரு பிட் மாறிவிடுகிறது. கணினி அதைச் சரியான கோப்பாகவே எண்ணிச் சேமிக்கிறது. காப்புப் பிரதியும் அந்தத் தவறான கோப்பையே எடுத்து வைத்துக்கொள்கிறது. பல மாதம் கழித்துப் படத்தைத் திறந்தால் பாதி சாம்பல் நிறமாக இருக்கிறது.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் கூகுள் பொறியாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கூகுளின் சர்வர்களில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவக அட்டைகள் ஏதேனும் ஒரு பிழையைச் சந்தித்ததாகக் காட்டியது. அந்த சர்வர்களில் பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி வகை நினைவகம் இருந்ததால் பிழை தெரிந்தது. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது இல்லை. டிடிஆர்5 சில்லுக்குள் ஒரு திருத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சில்லுக்கும் செயலிக்கும் நடுவே நேரும் பிழையை அது பிடிக்காது. குடும்பப் படங்களையும் தொழில் கணக்குகளையும் ஆண்டுக்கணக்கில் காக்கப்போகும் கணினி என்றால், ஈசிசி நினைவகத்தை ஏற்கும் செயலியையும் மதர்போர்டையும் தேடி வாங்குங்கள். அதற்காகச் செலவிடும் வெள்ளி, வண்ண விளக்குக்குச் செலவிடும் வெள்ளியைவிடப் பயன் உள்ளது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் சோதனை ஓட்டினால் திட்டாதீர்கள். ஒன்றை மாற்று, அளந்து பார், எழுதி வை, பிறகு முடிவு செய் என்ற ஒழுங்கை அவர்கள் அங்கே கற்கிறார்கள். இந்த வட்டாரத்து ஆலைகளுக்குள் பொறியாளர்கள் நாள்தோறும் கடைப்பிடிக்கும் ஒழுங்கும் இதுதான். அங்கே பணிபுரியப்போகும் நாளைய பொறியாளர்களில் இந்த அவையின் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இளையர்களே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். தேவையை அளந்து அளவைத் தேர்ந்தெடுங்கள். ஜோடியாக வாங்குங்கள். எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ இயக்குங்கள். வெயில் நேரத்தில் சோதியுங்கள். அந்தச் சோதனையில் தேறாத வேகம் உங்களுக்கு வேண்டாம், தயங்காமல் குறைத்துவிடுங்கள். சோதித்துத் தேறாத கணினியில் உங்கள் குடும்பத்தின் படம் ஒன்றைக்கூட ஒப்படைக்காதீர்கள்.